சி.ஆர்.பி. குறைஞ்சா இதயம் தப்பிச்சிருச்சா? கேன்டோஸ் ஆய்வை மறுபடி படித்த குறிப்புகள்

போன மாசம் மதுரையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் மாமா இரண்டு லேப் ரிப்போர்ட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தார். ஒன்று பிப்ரவரியில் எடுத்தது, இன்னொன்று ஜூலையில். இரண்டிலும் ஹெச்.எஸ்.சி.ஆர்.பி. என்ற வரியை மட்டும் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பிப்ரவரியில் 6.8. ஜூலையில் 1.4.

“பாத்தியா மாப்ள, அழற்சி போயிருச்சு. மாத்திரைய நிறுத்தி அஞ்சு மாசம் ஆச்சு, ஒண்ணும் ஆகல.”

நிறுத்தியது ஸ்டாட்டின். மாமாவுக்கு வயது 58. மூன்று வருடத்துக்கு முன்னால் ஸ்டென்ட் வைத்தவர். யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில், ‘மாரடைப்புக்குக் காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, அழற்சிதான், 2017இல் பத்தாயிரம் பேரை வைத்து நடந்த ஆய்வே இதை நிரூபித்துவிட்டது’ என்று சொன்னார்களாம். மாத்திரைக்குப் பதிலாக ‘அழற்சி எதிர்ப்பு’ கேப்ஸ்யூல் ஏதோ வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஜூலை ரிப்போர்ட்டில் கொஞ்சம் கீழே எல்.டி.எல். 171 என்று இருந்தது. அதற்கு வட்டம் இல்லை.

அந்தப் ‘பத்தாயிரம் பேர் ஆய்வு’ எது என்று எனக்குத் தெரியும். கேன்டோஸ். 2017 ஆகஸ்ட் கடைசியில் வெளிவந்தபோதே நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் படித்தவன் நான். அன்றைக்கு எனக்கும் பெரிய உற்சாகம்தான். ஊருக்குத் திரும்பியதும் அதையும், அதற்கு முன்னும் பின்னும் வந்த சிலவற்றையும் எடுத்து மறுபடி படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தான் இவை. வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன்: நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்துவிட்டு இருபது வருடமாக சர்வர் லாக் பார்க்கிறவன். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

முதலில் சங்கிலி

செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு அனுப்பும் சிறு புரதங்கள் உண்டு. நோய் எதிர்ப்பு செல்கள் அனுப்புகிறவற்றை சைட்டோகைன் என்பார்கள். இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, டி.என்.எஃப். ஆல்ஃபா எல்லாம் அந்த வகை. ஒரு செல் அனுப்பும். இன்னொரு செல்லின் மேலுள்ள ஏற்பி அதைப் பிடிக்கும். பிடித்ததும் அந்தச் செல்லுக்குள் வேலை தொடங்கும்.

இதயத்தின் ரத்தக்குழாயில் நடப்பதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. எல்.டி.எல். துகள்கள் குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்குகின்றன. அவற்றை விழுங்க மேக்ரோஃபேஜ் செல்கள் வருகின்றன. விழுங்கிய கொலஸ்ட்ரால் ஒரு கட்டத்துக்கு மேல் படிகமாக மாறுகிறது. அந்தப் படிகங்கள் செல்லுக்குள் என்.எல்.ஆர்.பி.3 இன்ஃப்ளமசோம் என்ற புரதக் கூட்டமைப்பை முடுக்கிவிடுகின்றன. இதைக் காட்டிய ஆய்வு 2010இல் நேச்சர் இதழில் வந்தது. இன்ஃப்ளமசோம் கேஸ்பேஸ்-1 என்ற நொதியை எழுப்புகிறது. அது தயாராகக் கிடக்கும் முன்வடிவத்தை வெட்டி இன்டர்லூக்கின்-1 பீட்டாவை வெளியே விடுகிறது. அது இன்டர்லூக்கின்-6ஐத் தூண்டுகிறது. இன்டர்லூக்கின்-6 கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. அதைத்தான் லேபில் அளக்கிறார்கள்.

இந்த வரிசையை ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். ஒரு முனையில் கொலஸ்ட்ரால். மறுமுனையில் சி.ஆர்.பி. நடுவில்தான் சிக்னல் புரதங்கள். ‘கொலஸ்ட்ராலா, அழற்சியா?’ என்று பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகளை எதிரெதிர் அணியாக உட்கார வைக்கிறார்கள். மாமா பார்த்த வீடியோவின் முதல் தவறு இதுதான்.

ஆனால் சங்கிலியை வரைந்து காட்டுவது சுலபம். மனிதர்களிடம் நடுக்கண்ணியை வெட்டினால் மாரடைப்பு குறையுமா என்பதுதான் கேள்வி. அதைக் கேட்டது கேன்டோஸ்.

ஆய்வு உண்மையில் சொன்னது

கனகினுமாப் என்பது இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி. நோவார்டிஸ் தயாரிப்பு. பரம்பரையாக வரும் ஓர் அரிய காய்ச்சல் நோய்க் குழுவுக்கு 2009இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பாஸ்டனைச் சேர்ந்த பால் ரிட்கர் தலைமையில் 10,061 பேரைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே ஒரு மாரடைப்பு வந்திருக்க வேண்டும், சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. வெற்று ஊசி, 50 மில்லிகிராம், 150, 300 என்று நான்கு பிரிவுகள். சுமார் 3.7 வருடம் தொடர்ந்தார்கள்.

மாரடைப்பு, பக்கவாதம், இதய-ரத்தக்குழாய் மரணம் மூன்றையும் சேர்த்து எண்ணினார்கள். 100 பேரை ஓராண்டு கவனித்தால் வெற்று ஊசியில் 4.50, 50 மி.கி.யில் 4.11, 150 மி.கி.யில் 3.86, 300 மி.கி.யில் 3.90. முன்கூட்டியே வகுத்த கறாரான புள்ளியியல் வரம்பைத் தாண்டியது 150 மட்டுமே. எல்.டி.எல். குறையவில்லை. அதாவது கொழுப்பைத் தொடாமல் ஒரு சிக்னல் புரதத்தை மட்டும் அடைத்து மாரடைப்பைக் குறைக்க முடிந்தது. இது சின்ன விஷயம் இல்லை. 15 சதவீதம்தான் என்றாலும், ‘அழற்சி வெறும் உடன்விளைவு’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு மனிதர்களிடமிருந்தே கிடைத்த பதில் அது. அந்த மதிப்பை நான் குறைக்க வரவில்லை.

இப்போது சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கூட்டல் கழித்தல் பார்ப்போம். 4.50இல் 3.86 போனால் 0.64. அதாவது 156 பேருக்கு ஒரு வருடம் ஊசி போட்டால் ஒருவருக்கு வரவேண்டியது தவிர்கிறது. மறுபக்கம், தொற்றுநோயால் இறந்தவர்கள் வெற்று ஊசியில் 100 பேருக்கு 0.18, மருந்துப் பிரிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் 0.31. நோய் எதிர்ப்புக்கான சிக்னலைத்தான் அடைக்கிறோம். கிருமி வந்தால் கதவு தட்டும் சத்தம் கேட்காது. மொத்த மரணத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கிடைத்த பலனில் பெரும்பகுதி உயிர்போகாத மாரடைப்புகள் குறைந்ததால் வந்தது.

வீடியோ சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் பாக்கி. கேன்டோஸில் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஸ்டாட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். சேரும்போது அவர்களுடைய எல்.டி.எல்.லின் நடு அளவு 82. ஸ்டாட்டினை நிறுத்திவிட்டு அழற்சியைக் குறைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஆய்வு கேட்கவே இல்லை. ஸ்டாட்டினால் கொழுப்பைக் குறைத்த பிறகும் மிச்சமிருக்கும் ஆபத்தில், அழற்சியால் வருவதைக் குறைக்க முடியுமா என்று கேட்டது. எல்.டி.எல். 171 வைத்துக்கொண்டு கேன்டோஸை மேற்கோள் காட்டுவது, ஹெல்மெட் போட்டவர்களிடம் நடத்திய பிரேக் சோதனையைக் காட்டி ‘ஹெல்மெட் வேண்டாம், பிரேக் போதும்’ என்று சொல்வது மாதிரி.

ஆய்வாளர்கள்மேல் எனக்குள்ள குறை

வீடியோக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமாகாது. சி.ஆர்.பி.யை வட்டம் போடும் பழக்கத்துக்கு ஆய்வாளர்களும் ஒரு காரணம்.

கேன்டோஸ் வந்த சில மாதங்களில் லான்செட்டில் ஒரு துணைக் கட்டுரை வந்தது. மருந்து எடுத்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். மூன்று மாதத்தில் சி.ஆர்.பி. 2க்குக் கீழே போனவர்கள், போகாதவர்கள். கீழே போனவர்களுக்கு 25 சதவீதம் பலன். போகாதவர்களுக்குக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அதனால் ஒரு ஊசி போட்டு சி.ஆர்.பி. பார்த்து, குறைந்தவர்களுக்கு மட்டும் தொடரலாம் என்ற யோசனை பிறந்தது.

பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு இடறுகிற இடம் இது. சீட்டுக் குலுக்கியது மருந்தைத் தரத்தான். சி.ஆர்.பி. குறைவதற்கு யாரும் சீட்டுக் குலுக்கவில்லை. மருந்துக்கு நன்றாக இணங்கியவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் ஆரோக்கியமானவர்களாக, ஆரம்ப சி.ஆர்.பி. குறைவானவர்களாக இருந்திருக்கலாம். ஆபீஸில் இதே தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு பேட்ச் போட்டோம். அதற்குப் பிறகு வேகமான சர்வர்களை மட்டும் தனியே எடுத்து ‘இவற்றில் பேட்ச் பிரமாதமாக வேலை செய்கிறது’ என்று ஸ்லைடு போட்டேன். “அந்த சர்வரெல்லாம் முன்னாடியே புது ஹார்டுவேர்தானே?” என்று மேனேஜர் ஒரே கேள்வி கேட்டார். ஸ்லைடை எடுத்துவிட்டேன்.

கட்டுரையாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்த காரணிகளைக் கணக்கில் எடுத்துத் திருத்திப் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் வித்தியாசம் நிற்கிறது. ஆனால் தெரியாத காரணிகளைத் திருத்த வழியில்லை. சீட்டுக் குலுக்குவதே அதற்காகத்தான். நோவார்டிஸ் இந்த ‘சி.ஆர்.பி. குறைந்தவர்கள்’ என்ற அடிப்படையில்தான் இதய நோய்க்கு அனுமதி கேட்டது. 2018 அக்டோபரில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ., அதற்கு இந்தத் தரவு போதாது என்று திருப்பி அனுப்பியது. வீடியோவில் இந்தப் பகுதியும் வரவில்லை.

இது முதல் தடவையும் இல்லை. 2008இல் அதே ரிட்கர் தலைமையில் ஜூபிடர் ஆய்வு வந்தது. எல்.டி.எல். 130க்குக் கீழே, சி.ஆர்.பி. 2 அல்லது அதற்கு மேல் உள்ள 17,802 பேர். ரோசுவாஸ்டாட்டின் கொடுத்ததில் இதய-ரத்தக்குழாய் நிகழ்வுகள் 44 சதவீதம் குறைந்தன; சுமார் இரண்டு வருடத்திலேயே நிறுத்தினார்கள். இதை சி.ஆர்.பி.யின் வெற்றியாகப் பலர் கொண்டாடினார்கள். ஆனால் அந்த மருந்து சி.ஆர்.பி.யை 37 சதவீதம் குறைத்தபோது எல்.டி.எல்.லையும் பாதியாக்கியது. சி.ஆர்.பி. குறைவாக உள்ளவர்கள் ஆய்விலேயே இல்லை. அப்படியிருக்க, பலன் எதனால் வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

சி.ஆர்.பி. ஒரு லாக் வரி

சி.ஆர்.பி. 1930இல் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில், நியூமோகாக்கஸ் கிருமியின் ‘சி’ என்ற சர்க்கரைப் பொருளோடு வினைபுரியும் புரதமாக. இதயத்துக்கும் அதற்கும் அன்றைக்கு எந்த உறவும் இல்லை. 1997இல் ரிட்கர் குழு, ஆரோக்கியமான ஆண்களிடம் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தால் பின்னாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பும் கூடுதல் என்று காட்டிய பிறகுதான் இதய உலகம் அதைக் கவனித்தது. அந்தத் தொடர்பு உண்மை. பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தாகிவிட்டது.

ஆனால் தொடர்பு என்றால் காரணமா? இதைச் சோதிக்க ஒரு புத்திசாலித்தனமான வழி இருக்கிறது. சிலருக்குப் பிறவியிலேயே சி.ஆர்.பி. மரபணுவில் சின்ன மாற்றம் இருக்கும். ஆயுள் முழுக்க அவர்களுக்கு சி.ஆர்.பி. கூடுதல். யாருக்கு அந்த மரபணு வரும் என்பது அம்மா அப்பாவிடமிருந்து குலுக்கலில் வருகிறது. இயற்கை நடத்திய சீட்டுக் குலுக்கல். சி.ஆர்.பி.தான் ரத்தக்குழாயைக் கெடுக்கிறது என்றால் இவர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வர வேண்டும்.

கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். சி.ஆர்.பி.யை 64 சதவீதம் வரை உயர்த்தும் மரபணு வகைகள். கணக்குப்படி இதய நோய் 32 சதவீதம் வரை கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. இந்தக் கட்டுரை வந்தது 2008 அக்டோபர் 30, ஜூபிடரை வெளியிட்ட அதே நியூ இங்கிலாந்து ஜர்னலில், அதற்குச் சில நாட்கள் முன்னால்! ஒன்று தலைப்புச் செய்தியானது. இன்னொன்றைத் துறைக்காரர்கள் மட்டும் படித்தார்கள். 2011இல் பி.எம்.ஜே.யில் 1,94,418 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே முடிவுதான்.

இதே சோதனையை எல்.டி.எல்.லுக்கு வைத்தால்? பி.சி.எஸ்.கே.9 என்ற மரபணு செயலிழந்ததால் பிறவியிலேயே எல்.டி.எல். குறைவாக உள்ளவர்கள் உண்டு. 2006இல் வந்த ஆய்வில் அப்படிப்பட்ட கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு; இதய நோய் 88 சதவீதம் குறைவு. ஒரே பரீட்சை. எல்.டி.எல். பாஸ், சி.ஆர்.பி. ஃபெயில்.

லாக் ஃபைலில் எரர் வரி வந்தால் பதறிப்போய்ப் பார்க்க வேண்டும். எங்கேயோ கோளாறு என்று அது சொல்கிறது. ஆனால் அந்த வரியை அழித்தால் கோளாறு போகாது. சி.ஆர்.பி. அந்த வரி.

கியூ நிரம்பியதும் சிக்னல் குறைந்ததும்

சரி, சங்கிலியில் ஒரு படி மேலே இன்டர்லூக்கின்-6? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு வருகிறது.

2012இல் லான்செட்டில் ஒன்றாக இரண்டு கட்டுரைகள் வந்தன. இன்டர்லூக்கின்-6 ஏற்பியின் மரபணுவில் ஒரு மாற்றம் உண்டு. அது உள்ளவர்களுக்கு ஏற்பி செல்லின் மேல்பரப்பிலிருந்து அதிகம் கழன்று ரத்தத்தில் மிதக்கும். செல்லின் மேல் மிச்சமிருப்பது குறைவு. இவர்களுடைய ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 கூடுதல். ஆனால் சி.ஆர்.பி. குறைவு. இதய நோயும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பிரதிக்கும் மூன்று முதல் ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்தேன். அழற்சிப் புரதம் கூடுதலாக இருந்தால் நோய் எப்படிக் குறையும்? அப்புறம்தான் உறைத்தது. மெசேஜ் கியூவில் செய்தி குவிந்து கிடக்கிறது என்றால் அனுப்புகிறவர் அதிகம் அனுப்புகிறார் என்று மட்டும் அர்த்தமில்லை. வாங்குகிறவர் வாங்கவில்லை என்றும் அர்த்தமாகலாம். இந்த ஏற்பியை அடைக்கும் டோசிலிசுமாப் போட்டாலும் ரத்தத்தில் இன்டர்லூக்கின்-6 ஏறத்தான் செய்கிறது.

ஒரு சிக்னல் புரதத்தின் அளவு வேறு, அந்த சிக்னலின் வேலை வேறு. ரத்தத்தில் அளந்த ஒரு எண்ணை வைத்து ‘கூடினால் கெடுதல், குறைந்தால் நல்லது’ என்று சொல்லிவிட முடியாது. கேன்டோஸும் இந்த மரபணு ஆய்வுகளும் சேர்ந்துதான் இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 பாதைக்கு வலு சேர்க்கின்றன. ஒன்று மட்டும் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் நம்பியிருக்க மாட்டேன்.

அடைத்தும் கிடைக்காதவை

‘அழற்சிதான் காரணம்’ என்று ஒரே வரியில் சொல்கிறவர்கள் தோற்ற ஆய்வுகளைச் சொல்வதில்லை. பட்டியல் நீளம். நான்கை மட்டும் எடுக்கிறேன்.

டி.என்.எஃப். ஆல்ஃபா. இதயச் செயலிழப்பு முற்றியவர்களின் ரத்தத்தில் இது உயர்ந்திருக்கும் என்று 1990இலேயே காட்டினார்கள். அப்போ அடைத்துவிடலாமே? 2003இல் வந்த அட்டாக் ஆய்வில் 150 நோயாளிகளிடம் இன்ஃப்ளிக்சிமாப் கொடுத்து அடைத்துப் பார்த்தார்கள். அதிக அளவு மருந்து வாங்கியவர்களுக்கு மரணமும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் கூடின. உயர்ந்திருக்கிறது, எனவே எதிரி என்ற தர்க்கம் அங்கே ஆளைக் கொன்றது.

பி38 என்பது செல்லுக்குள் அழற்சிச் செய்தியைக் கடத்தும் நொதி. அதை லோஸ்மாபிமாட் என்ற மாத்திரையால் அடைத்தார்கள். புதிதாக மாரடைப்பு வந்த 3,503 பேர், 12 வாரம். சி.ஆர்.பி. குறைந்தது. இதய நிகழ்வுகள் குறையவில்லை.

கேன்டோஸ் காலத்திலேயே ஓடிய சி.ஐ.ஆர்.டி. ஆய்வில், 4,786 பேரிடம் குறைந்த அளவு மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்தின் அழற்சிக்கு நல்ல மருந்து. இதயத்துக்குப் பலன் இல்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டா, இன்டர்லூக்கின்-6, சி.ஆர்.பி. எதுவுமே குறையவில்லை. ‘சரியான பாதையை அடைக்கவில்லை, அதனால் பலனில்லை’ என்று விளக்கம் தந்தார்கள். விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெயித்தால் கோட்பாட்டின் வெற்றி, தோற்றால் மருந்தின் தோல்வி என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருந்தால் கோட்பாட்டை எதை வைத்துத்தான் சோதிப்பது?

நான்காவது நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. கோல்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் எடுக்கிறார்கள். மூலனூர், தாராபுரம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று கம்பி கட்டிப் படரவிட்டுப் பயிரிடுவது இதற்காகத்தான். கீல்வாதத்துக்கான பழைய மருந்து. இன்ஃப்ளமசோம் சேர்வதையும் தடுக்கிறது. 2019இல் கோல்காட் ஆய்வில், புதிதாக மாரடைப்பு வந்தவர்களிடம் நிகழ்வுகள் 7.1 சதவீதத்திலிருந்து 5.5 ஆகக் குறைந்தன. 2020இல் லோடோகோ2 ஆய்வில், நிலையான இதய நோயாளிகள் 5,522 பேரிடம் 9.6இலிருந்து 6.8. 2023இல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதியே கிடைத்தது. 2024இல் கிளியர் சினர்ஜி வந்தது. மாரடைப்பு வந்த 7,062 பேர். கோல்சிசினில் 9.1, வெற்று மாத்திரையில் 9.3. வித்தியாசமே இல்லை. அங்கேயும் சி.ஆர்.பி. குறைந்துதான் இருந்தது. (செடியைத் தேடிப் போகிறவர்களுக்கு: கண்வலிக்கிழங்கு கொடிய விஷம். கொஞ்சம் சாப்பிட்டாலும் உயிர் போகும்.)

லோஸ்மாபிமாட், கிளியர் சினர்ஜி, இரண்டிலும் லேப் ரிப்போர்ட்டில் வட்டம் போட்ட வரி நன்றாக ஆனது. இதயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுபடி மாமா வீடு

இதையெல்லாம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன். முழுக்கக் கேட்டார். பாதியில் எங்கேயாவது வைத்துவிடுவார் என்று பயந்தேன், வைக்கவில்லை. கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்: “அப்ப எனக்கு 6.8 எப்படி 1.4 ஆச்சு? அதுக்குப் பதில் சொல்லு.”

எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்டாட்டினை நிறுத்தினால் சி.ஆர்.பி. கொஞ்சம் ஏறத்தான் வாய்ப்பு. கேப்ஸ்யூல்தான் வேலை செய்ததோ என்று எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. பக்கத்தில் இருந்த அக்கா பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏங்க, பிப்ரவரில உங்களுக்குக் கடவாப்பல்லுல சீழ் வச்சு முகமே வீங்கிக் கெடந்துச்சுல்ல? அப்பத்தானே இந்த டெஸ்டு எடுத்தோம்?”

அவ்வளவுதான் விஷயம். பல் சீழ், சளி, காய்ச்சல், அடிபட்ட காயம், எதற்கும் கல்லீரல் சி.ஆர்.பி.யை அனுப்பும். அதற்கு இதயம், பல் என்ற பேதம் கிடையாது. மார்ச்சில் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஜூலையில் சி.ஆர்.பி. இறங்கியிருக்கிறது. நடுவில் விழுங்கிய கேப்ஸ்யூல் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. பத்தாயிரம் பேர் ஆய்வைப் பற்றி நான் பேசிய முக்கால் மணி நேரத்தைவிட அக்காவின் அந்த ஒரு வாக்கியம் மாமாவிடம் நன்றாக எடுபட்டது.

“அப்ப அழற்சிங்கிறதெல்லாம் பொய்யா மாப்ள?” என்றார்.

பொய் இல்லை. இன்டர்லூக்கின்-1 பீட்டாவை அடைத்தால் மாரடைப்பு குறைகிறது. மரபணுக்கள் இன்டர்லூக்கின்-6 பாதையைக் காட்டுகின்றன. ஸ்டாட்டினுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் ஆபத்தில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. அது கொலஸ்ட்ராலுக்குப் பதிலாக வந்த காரணம் இல்லை, அதிலிருந்து கிளம்பி வருகிற காரணம். இதைத்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அவருடைய இதய டாக்டரிடம் அக்கா கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டாட்டினை மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆறு வாரம் கழித்து எல்.டி.எல். பார்க்கச் சொல்லியிருக்கிறார். சாப்பிடுகிறாரா என்று அக்காவிடம்தான் கேட்டுக்கொள்கிறேன், இதுவரை சாப்பிடுகிறாராம். கேப்ஸ்யூல் டப்பாவும் ஃப்ரிட்ஜ் மேலேயே இருக்கிறதாம்.

எண்களில் பிழை கண்டவர்கள் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். சி.ஆர்.பி. டெஸ்ட் எடுக்கப் போகிறவர்கள் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் பல்வலி, சளி, காய்ச்சல் ஏதாவது இருந்ததா என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.